நாற்பத்தேழாம் வீடு

பட்டியலில் நாற்பத்தாறு வீடு.
தட்டச்சு செய்தது நான், நகல் எடுத்தது நான்,
டாட்டா ஏஸின் முன்சீட்டில்
ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததும் நான்.
பின்னால் இருபத்திரண்டு பேர், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்,
பஞ்சுத் தாடி மூக்கில் ஏறித்
தும்மிக்கொண்டே வரும் கோயில்பிச்சை அண்ணன்.

வில்லாபுரம் முடிந்து, பழங்காநத்தம் முடிந்து,
ஜெய்ஹிந்துபுரம் வந்தபோது மணி இரண்டேமுக்கால்.
கீத பவனி என்று பெயர்.
பாதிப் பேர் தூக்கத்திலேயே பாடினார்கள்.
கவர் வாங்கினேன், ரசீது கிழித்தேன்,
கேக் வேண்டாம் என்றேன்,
அடுத்த வீடு.

பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.
டிரைவர் முத்திருளாண்டி ரிவர்ஸ் எடுத்து
ஏதோ ஒரு சந்துக்குள் திருப்பினான்.
"இந்தா, ஸ்டார் போட்டிருக்காக.
இங்கிட்டும் உண்டா சார்?"

ஒரு முனை மடங்கிய காகித நட்சத்திரம்.
உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்பு.
இல்லை என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள்
பையன்கள் குதித்துவிட்டார்கள்.
ஆசீர் டிரம்மைத் தட்டிவிட்டான்.

கதவைத் திறந்தது ரூபவதி.

அப்பளக் கம்பெனியில் மாவு உருட்டுகிறவள்.
பதினாலு மாதச் சந்தா பாக்கி.
ஆகஸ்டில் பெயரை அடித்தோம்.
சட்டம் சபையுடையது.
சிவப்பு மை என்னுடையது.
அனுப்பிய கடிதம்
பழைய வீட்டு வாசலில் கிடந்து மக்கியிருக்க வேண்டும்.

"வீடு மாறினத நான் யார்கிட்டயும் சொல்லலியே,
தேடிக் கண்டுபிடிச்சா வந்தீங்க?"
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
"ஸ்டாரப் பாத்துத்தாம்மா வந்தோம்" என்றார்
கோயில்பிச்சை அண்ணன், தாடிக்குள்ளிருந்து.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை. நானும்.

ஐயருக்கு முதுகுவலி, வரவில்லை.
வேதபாடம் என் தலையில் விழுந்திருந்தது.
நாற்பத்தாறு வீட்டில் வாசித்த அதே பகுதி,
மனப்பாடமே ஆகிவிட்டது.
இங்கே இடமில்லை என்ற இடத்தில்
நாக்கு புரளவில்லை.

சத்திரக்காரனைப் பற்றி வேதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.
நாடகத்தில்தான் அவனுக்கு வசனம் எழுதுவோம்.
போன வருஷம் அந்த வேஷம் எனக்கு.
தலைப்பாகை, கையில் அரிக்கேன் விளக்கு.
ரொம்ப இயல்பாக இருந்தது சார் என்று
எத்தனை பேர் கைகொடுத்தார்கள்!
அவனும் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான்.
அவன் கையிலும்
ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

உபதேசியார் அருமைராஜ் ஜெபித்து முடித்தார்.
அவள் உள்ளே போய்
பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்தாள்.
"வருவீங்களோ மாட்டீங்களோ தெரியல.
ஆனாலும் பொரிச்சு வச்சேன்."
இருபத்திரண்டு பேரும் ஆளுக்கு மூன்று நான்கு அள்ள,
சந்து முழுக்க நொறுங்கும் சத்தம்.
எதிர்வீட்டு நாய்கூட எழுந்து வந்தது.

பிறகு கவரை நீட்டினாள்.
ஐம்பது ரூபாய், மேலே ஒரு ரூபாய்க் காசு.
ரசீதில் சந்தா எண் என்று ஒரு கட்டம் உண்டு.
பேனா அங்கே நின்றது.
"நம்பர் மறந்துபோச்சா சார்?
நூத்திப் பதினொண்ணு" என்றாள்.
எழுதினேன்.

வண்டி கிளம்பும்போது
முக்குக் கோயில் ஒலிபெருக்கி இருமிவிட்டு
மார்கழிப் பாட்டைத் தொடங்கியது.
கீபோர்டுப் பையன் தூக்கக் கலக்கத்தில்
அதன் சுருதிக்கே விரல் வைத்துக்கொண்டு வந்தான்.
யாரும் அவனைத் தடுக்கவில்லை.

ஜனவரிக் கமிட்டியில் கேட்பார்கள்,
எந்தத் தீர்மானத்தின்படி என்று.
பதில் இன்னும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.
பையில் அப்பளத் துண்டு ஒன்று.
கூடவே மடித்து வைத்த பழைய பட்டியல், ஆகஸ்ட் மாதத்தது.
எண்ணெய் ஊறிய இடத்தில்
காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
சிவப்புக் கோட்டைத் தாண்டி
பெயர் நன்றாகவே தெரிகிறது.